நன்மையே அணியில் செண்பகவல்லி

என் பெயரை இன்னும் கூப்பிடவில்லை, அதற்குள் நெஞ்சு எழுந்து நின்றுவிட்டது. உட்காரு, உட்காரு என்று அதற்குச் சொல்லிக்கொண்டு மேடை நாற்காலியில் கொசுவத்தைச் சரிசெய்கிறேன். மேலே அரக்குப் பட்டு, கீழே பனிக்குப் போடுகிற பூட்ஸ், செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டேன், வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி, சொன்னால் அவர் போய் எடுத்து வருவார்தான், ஆனால் இன்றைக்கு அவரிடம் எதையும் கேட்கிற நிலைமையில் நான் இல்லை, காலையிலிருந்து என்னிடம் அவர் பேசியதே "கோட்டை எடுத்துக்கோ" என்பது மட்டும்தான். அதோ ஐந்தாவது வரிசையில், சாம்பல் நிற ஸ்வெட்டரில், கைகளைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் எனக்கு மேலே தொங்குகிற துணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். துணியில் எழுதியிருப்பது எனக்கு மனப்பாடம், புதிய அமெரிக்க அரசின் அமைச்சரவைத் தேர்வும் குடியேற்றக் கொள்கையும் நமக்கு நன்மையே, கேடே, பொங்கல் விழாச் சிறப்புப் பட்டிமன்றம். நான் நன்மையே. நன்மையேயில் மூன்றாவது பேச்சாளர். எதிரே கேடே அணியின் இளம்பரிதி, ஆராய்ச்சி மாணவன், மைக்கைப் பிடித்துக்கொண்டு அரங்கத்தையே குலுக்கிக்கொண்டிருக்கிறான். "நடுவர் அவர்களே, விக்கெட் கீப்பர் கையில பந்தைக் குடுத்துட்டாங்க, பந்து வீசுறவனை அம்பயரா நிறுத்திட்டாங்க, அம்பயரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, இதுக்குப் பேரு அமைச்சரவை!" ஐயோ, நன்றாகப் பேசுகிறான், எனக்கே சிரிப்பு வருகிறது, எதிரணிக்காரி சிரிக்கலாமா, உதட்டைக் கடிக்கிறேன், கடித்த உதட்டில் சாயம் போயிருக்கும், போகட்டும், முதுகில் ஒரு சூடு ஏறுகிறது, இது பயமா, பயமில்லை, எனக்கு இது தெரியும், கோவில்பட்டியில் கல்லூரி மேடைக்குப் பின்னால் நிற்கும்போது இதேதான் வரும், அப்போதெல்லாம் இதற்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றியதில்லை, இப்போது தோன்றுகிறது, பசி, பேசுகிற பசி, பதினோரு வருஷமாக நான் அதற்குச் சோறே போடவில்லை.

அந்த மேடைக்கும் இந்த மேடைக்கும் நடுவில் நான் யாரிடம் என்ன பேசினேன் என்று யோசித்தால் ஒரு கடைக்காரி, ஒரு பல் மருத்துவர், பள்ளிக்கூடத்து ஆசிரியை, ரசீது வேண்டுமா, வேண்டாம், நன்றி, நல்ல நாளாக இருக்கட்டும். நான் அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள், ஹெச்-ஃபோர், மனைவிகளுக்கான எழுத்து அது, அந்த எழுத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம், காய் வாங்கலாம், வேலை செய்யக் கூடாது. பச்சை அட்டை வரிசையில் அவருக்கு ஓர் இடம் கிடைத்த பிறகுதான் எனக்கு வேலை செய்ய ஓர் அட்டை வந்தது, மருத்துவமனை ரத்த வங்கியில் சேர்ந்தேன், இரண்டு வருஷமாக எந்தப் பையில் எந்த வகை ரத்தம் என்று பார்த்துச் சொல்கிறேன், முதல் நாள் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு கழிப்பறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றது யாருக்கும் தெரியாது. தேர்தல் முடிந்து ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு பெயராக டிவியில் வரத் தொடங்கியபோது நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் இருந்தோம், ஒரு முகம், ஒரு பெயர், இன்னொரு முகம், அவர் கையில் சப்பாத்தி அப்படியே நின்றது, "இந்த ஆள் வந்தா மனைவிமார் வேலை அட்டையை நிறுத்திருவார்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க" என்றார், நறுமுகை நிமிர்ந்து பார்த்து "அப்போ அம்மா வீட்டிலேயே இருப்பாளா?" என்று கேட்டாள், கேட்ட மாதிரியில் ஒரு சந்தோஷம் இருந்தது, பத்து வயது, இந்த நாட்டில் பிறந்தவள், எங்கள் வீட்டில் இந்த நாட்டுக்காரி அவள் ஒருத்திதான். மறுநாள் வேலையில் டானா என் தோளைத் தட்டி, உனக்கென்ன கவலை, நீ முறையாக வந்தவள், அவர்கள் சொல்வது வேறு ஆட்களை என்றாள், பிரியமாகத்தான் சொன்னாள், கேக் கூடக் கொடுத்தாள், ஆனால் அந்த வேறு ஆட்கள் என்ற சொல் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுகொண்டது, சோற்றை உருட்டி விழுங்கிப் பார்த்தேன், இறங்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கிற லூபே மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் கழுத்தில் தொங்குகிற மருத்துவமனை அட்டையைக் காட்டி, உன் வேலை அட்டை எப்போது முடியுது என்று கேட்டாள். செப்டம்பர் என்றேன். எனக்கு மே என்றாள். அவ்வளவுதான் பேச்சு, இருவரும் சிரித்துவிட்டோம், எதற்குச் சிரித்தோம் என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் ஜெசிந்தாவின் போன். சங்கச் செயலாளர், எப்போதும் ஓடிக்கொண்டே பேசுகிற குரல். "அக்கா, உங்களை விட்டா ஆளில்ல, நன்மையே பக்கம் ரெண்டு பேர் கழண்டுட்டாங்க." ஏன், அந்தப் பக்கத்துக்கு ஓட்டுப் போட்டவர்களே நம் ஊரில் நிறைய இருக்கிறார்களே என்றேன். "ஓட்டுப் போட இருக்காங்கக்கா, மேடையில வந்து பேச ஒருத்தரும் இல்ல." எனக்கு ஓட்டே இல்லையே ஜெசிந்தா. "அதனாலதான் கேக்குறேன், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்றாள், அவள் விளையாட்டாகச் சொன்னாள், நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன், சரி என்று சொன்ன மாத்திரத்தில் சமையலறை முழுக்க வெளிச்சம் கூடின மாதிரி இருந்தது, அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது, துடைக்கவில்லை, ஒரு கடித உறையின் பின்பக்கத்தில் நடுவர் அவர்களே என்று எழுதிவிட்டேன். அவர் வந்து பார்த்தார். "வீடியோ எடுப்பாங்க." எடுக்கட்டுமே. "யூட்யூப்ல போடுவாங்க. மார்ச்ல நமக்கு ஸ்டாம்பிங் இருக்கு." மார்ச்சில் என் தம்பி கல்யாணம், போய்விட்டுத் திரும்ப வேண்டுமென்றால் சென்னையில் கண்ணாடிச் சன்னலுக்கு முன்னால் நின்று விசாவில் மறுபடி முத்திரை வாங்க வேண்டும், அந்தப் பக்கம் இருக்கிறவர் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். நான் ஆதரித்துத்தானே பேசப்போகிறேன் என்றேன். "ஆதரிச்சாலும் எதிர்த்தாலும் பேசினது பேசினதுதான் செம்பா." குரலை உயர்த்தவில்லை, அவர் உயர்த்தவே மாட்டார், அதுதான் என்னால் தாங்க முடியாதது, கத்தினால் கத்தலாம், கெஞ்சினால் என்ன செய்வது, அவர் கெஞ்சினார், கெஞ்சுகிறோம் என்று தெரியாமலே கெஞ்சினார்.

"அடுத்து, நன்மையே அணியில் மூன்றாவதாக, திருமதி செண்பகவல்லி சங்கரநாராயணன்!" நடுவர் ஆவுடையப்பன் ஐயா என் முழுப் பெயரையும் சொல்கிறார், சிறுநீரக மருத்துவர், இந்த ஊருக்கு முதலில் வந்த தமிழர்களில் ஒருவர், என் பெயரின் ஒவ்வோர் எழுத்தும் ஒலிபெருக்கியில் உருண்டு வருகிறது, இங்கே எல்லோருக்கும் நான் செம்பா, வேலையில் ஷென், இது யார் செண்பகவல்லி, நான்தான், நான்தான் என்று கால்கள் எழுந்துவிட்டன. பூட்ஸ் மேடைப் பலகையில் டொக் டொக் என்று அடிக்கிறது, முன்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள், நல்லது, சிரிப்போடு தொடங்கலாம். மைக் முந்தைய ஆளின் உயரத்தில் இருக்கிறது, இறக்குகிறேன், கிறீச் என்கிறது. "நடுவர் அவர்களே, அணித் தலைவர் அண்ணன் சிதம்பரேஸ்வரன் அவர்களே, பட்டும் பூட்ஸுமா வந்திருக்கேன், மன்னிச்சுக்கோங்க, மேல இந்தியா, கீழ இல்லினாய்." அரங்கம் சிரித்தது. ஆகா. அந்தச் சத்தம் என் விலாவில் வந்து மோதியது. குரல் என்னுடையதுதானா, இவ்வளவு நாள் எங்கே கிடந்தது, எந்த அலமாரியில் மடித்து வைத்திருந்தேன், ஒரு சுருக்கம் கூட இல்லாமல் வருகிறதே. "தம்பி இளம்பரிதி கிரிக்கெட் சொன்னார். நான் கல்யாண வீட்டைச் சொல்றேன். நம்ம வீட்டுக் கல்யாணத்துல பந்தி விசாரிக்க யாரை நிறுத்துவோம்? பந்தியைப் பத்திப் படிச்சவனையா? அனுபவம் உள்ளவனையா? சித்தப்பா மகன் சும்மா நிக்கான், அவனை நிறுத்துவோம்! நமக்கு வேண்டியவனா, சொன்னதைக் கேப்பானா, அவ்வளவுதான் தகுதி. இத்தனை வருஷம் கழிச்சு அமெரிக்கா இப்பத்தான் நம்ம வழிக்கு வந்திருக்கு, இது நமக்கு நன்மையா இல்லையா?" கைதட்டல் கூரையில் போய் முட்டித் திரும்பியது, இளம்பரிதியே தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறான், நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், எனக்குப் பறக்கிற மாதிரி இருக்கிறது, அடுத்த பாயிண்ட், அடுத்தது குடியேற்றம், எழுதி வைத்திருப்பது, முறையாக வந்தவர்களுக்கு இந்தக் கொள்கையால் ஒரு தீங்கும் இல்லை, வரிசையை மதித்தவர்களுக்கு மரியாதை, எழுதும்போது சரியாகத்தான் இருந்தது, வாயருகே வரும்போது அதில் டானாவின் கேக் வாசனை வருகிறது.

அப்போதுதான் அவர் எழுந்தார். கழிப்பறைக்குப் போகிறார் என்று நினைத்தேன், இல்லை, நடுப்பாதையில் பின்பக்கமாக நடக்கிறார், பின்பக்கத்தில் முக்காலியில் கேமரா, அதன் பக்கத்தில் செல்வின், சங்கத்துக்கு வீடியோ எடுக்கிற பையன், கேமராவில் சின்னச் சிவப்புப் புள்ளி. நான் பேசிக்கொண்டேதான் இருக்கிறேன், வாய் தானாக வரிசை, மரியாதை என்று ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறது, கண் மட்டும் அவர் முதுகிலேயே, வேண்டாம், போகாதீங்க, போய்ச் சேர்ந்துவிட்டார், குனிந்து செல்வினின் காதில் என்னவோ சொல்கிறார், செல்வின் என்னைப் பார்க்கிறான், அவரைப் பார்க்கிறான், கை நீள்கிறது, புள்ளி அணைந்தது. அணைந்தது. நான் நின்றுவிட்டேன். அவர் செய்தது சரிதான், சரியே இல்லை, தம்பி கல்யாணம், கண்ணாடிச் சன்னல், செப்டம்பர், என் வெள்ளைக் கோட்டு, நறுமுகையின் பள்ளிக்கூடம், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டுதான் இந்த மனிதர் நடுப்பாதையில் நடந்திருக்கிறார், எனக்குத் தெரியும், அவ்வளவும் தெரிந்தும் கன்னத்தில் அறைந்த மாதிரி எரிகிறதே, எதிரில் இத்தனை பேர், என் குரலை ஒருத்தர் எழுந்து போய் விளக்கை அணைக்கிற மாதிரி அணைத்துவிட்டார். கீழே இறங்கிவிடலாமா. நன்றி வணக்கம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது, நல்லாப் பேசினீங்க என்பார்கள், வண்டியில் அவர் ஹீட்டரைக் கூட்டி வைப்பார், வீடு வந்துவிடும், நாளைக்கு ரத்தப் பைகள். கால் திரும்பப் பார்க்கிறது. பூட்ஸ் கனமாக இருந்ததோ என்னவோ, திரும்பவில்லை. இந்த மனிதர் இப்படி இருந்தவரில்லை. அந்த நினைப்பு எங்கிருந்தோ வந்து மற்றதையெல்லாம் தள்ளிவிட்டு முன்னால் நின்றது, வந்த புதிதில் சிவப்பு விளக்கைத் தாண்டினார் என்று ஒரு போலீஸ்காரர் அபராதச் சீட்டுக் கொடுத்தபோது, தாண்டவில்லை என்று நீதிமன்றம் வரைக்கும் போனவர், அரைகுறை ஆங்கிலத்தில், ஒரே ஒரு டையைக் கட்டிக்கொண்டு, வழக்கை ஜெயித்துவிட்டு வந்து என்னைத் தூக்கிச் சுற்றியவர்.

"நடுவர் அவர்களே," என்றேன், குரல் இறங்கியிருந்தது, இறங்கினாலும் போய்ச் சேர்ந்தது. "பின்னால கேமரா நின்னுபோச்சு. தானா நிக்கல, நிறுத்தச் சொன்னது என் வீட்டுக்காரர். அதோ, சாம்பல் கலர் ஸ்வெட்டர்." எல்லாத் தலையும் திரும்பியது, சிரிப்பு எழுந்தது, பெரிய சிரிப்பு, பட்டிமன்றத்தில் புருஷனைக் கிண்டலடிப்பது வழக்கம்தானே. "சிரிக்காதீங்க. அவரைக் கேலி பண்றதுக்குச் சொல்லல. செய்யாத தப்புக்கு சீட்டுக் குடுத்தாங்கன்னு இந்த ஊர் கோர்ட்டுல தனியா நின்னு ஜெயிச்ச மனுஷன் அவர். அந்த மனுஷன் இன்னைக்கு பெண்டாட்டி பட்டிமன்றத்துல பேசுறதைப் பாத்து நடுங்குறார். நடுவுல என்ன நடந்துச்சு? அவர் ஒரு தப்பும் பண்ணல. வரி கட்டினார், வரிசையில நின்னார், இன்னும் நிக்கிறார். வர்ற சட்டம் நமக்கில்ல, வேற ஆட்களுக்குன்னு எல்லாரும் சொல்றோம், நானும் எழுதி வச்சிருக்கேன், இதோ கையில இருக்கு. நமக்கில்லாத சட்டத்துக்கு நமக்கு ஏன் நடுங்குது?" சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. "நான் ஹெச்-ஃபோர். என் வேலை அட்டை செப்டம்பர்ல முடியுது. புது அமைச்சர் அதை நிறுத்திருவார்ங்கிறாங்க, நிறுத்த மாட்டார்ங்கிறாங்க. உங்க வீட்டுலயும் இதே பேச்சுத்தான்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் ஒருத்தர் வீட்டுப் பொங்கலை ஒருத்தர் சாப்பிட்டிருக்கோம். உன் அட்டை எப்ப முடியுதுன்னு யாராவது யாரையாவது கேட்டிருக்கோமா? என்கிட்ட கேட்டது ஒரே ஒருத்தி. நாங்க வேலை செய்யிற இடத்துல தரை துடைக்கிறவ. நாம சொல்றோமே வேற ஆட்கள்னு, அவதான்."

நடுவர் மைக்கைத் தட்டினார். "அம்மா, நல்லாப் பேசுறீங்க, எனக்கு ஒரே ஒரு சந்தேகம், நீங்க எந்த அணி?" அரங்கம் மூச்சுவிட்டு மறுபடி சிரித்தது, சிதம்பரேஸ்வரன் அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார், எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் நீரோடு வந்தது, பதில் யோசிக்காமல் வந்தது, "நன்மையே அணிதான் ஐயா. பதினோரு வருஷமா வாயைத் திறக்காத ஒருத்தியை புது அதிபர் பொறுக்கி எடுத்த ஆட்கள் திறக்க வச்சுட்டாங்க. எனக்கு நன்மை இல்லையா?" மணி அடித்தது. யாரும் தட்டவில்லை. யாரும் தட்டாததற்குக் காரணம் எல்லோரும் பின்னால் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அவர் இன்னும் கேமரா பக்கத்திலேயே நிற்கிறார், ஒரு கை முக்காலியைப் பிடித்திருக்கிறது, மற்றொரு கை காதுமடலைத் தடவுகிறது, கணக்கு சரியாக வராதபோது அவர் அப்படித்தான் தடவுவார், போச்சு, நான் என்ன செய்துவிட்டேன், எத்தனை பேர் முன்னால் அவரை நிறுத்திவிட்டேன், வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு, மன்னிப்புக் கேட்கலாமா, எதற்கு, சொன்னது ஒன்றும் பொய்யில்லையே, பொய்யில்லை என்பதற்காக எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா, நெஞ்சு இப்போது நிற்கவுமில்லை, உட்காரவுமில்லை. அவர் தொண்டையைச் செருமினார். ஆபீஸ் மீட்டிங்கில் பேசுகிற குரல், எனக்கில்லை, நடுவருக்கு. "ஐயா, கடைசியா பேசினது பதிவாகல. தப்பு என்மேலதான். ஆட்சேபணை இல்லேன்னா அவங்களை மொதல்ல இருந்து சொல்லச் சொல்லுங்க." பிறகு செல்வினைப் பார்க்கவில்லை, தானே குனிந்து, தானே பொத்தானைத் தேடி, தவறான பொத்தானை அழுத்தி, இன்னொன்றை அழுத்தி, நிமிர்ந்தார். அப்போது தட்டினார்கள். எனக்கா அவருக்கா தெரியாது. நான் மறுபடி சொன்னேன், இரண்டாம் முறை சொன்னது கொஞ்சம் சுருக்கமாக இருந்தது, சில இடத்தில் நன்றாகவும் இருந்தது, சாம்பல் கலர் ஸ்வெட்டர் என்று வந்த இடத்தில் அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

தோற்றோம். கேடே என்று தீர்ப்பு, நன்மையே அணியை மூன்றாவது பேச்சாளர் நல்லபடியாகக் கவிழ்த்தார் என்று ஆவுடையப்பன் ஐயா சொன்னார், அண்ணன் சிதம்பரேஸ்வரன் என்னைக் கடந்து போகும்போது "அடுத்த வருஷம் உங்களை எதிரணியில போடச் சொல்றேன், அப்பவாவது நான் ஜெயிக்கலாம்" என்றார், கோபமா விளையாட்டா தெரியவில்லை, தெரியாவிட்டால் என்ன, உடம்பெல்லாம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, காகிதத் தட்டில் பொங்கல் யார் வைத்தார்கள் என்றே தெரியவில்லை, ஒரு வாய் எடுத்தேன், ருசியே தெரியவில்லை, சொல்லாமல் விட்ட பாயிண்டுகளெல்லாம் இப்போது வரிசைகட்டி வருகின்றன, இளம்பரிதி அம்பயர் சொன்னானே, அதற்கு இப்படி மடக்கியிருக்கலாம், இப்படி. யாரோ முழங்கையைத் தொட்டார்கள், பெயர் தெரியாத ஒரு பெண், பச்சை ஷால், முகத்தை முகத்துக்கு அருகில் கொண்டுவந்து "எனக்கு ஜூன்" என்றாள். ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர், "எங்களுக்கு ஆகஸ்ட், போன தடவை புது அட்டை வரவே ஏழு மாசம் ஆச்சு" என்றார். இன்னொருத்தி வந்தாள், அக்டோபர். என்னவோ பிறந்த மாதத்தைச் சொல்கிற மாதிரி சொல்கிறார்கள், அக்டோபர் ஜூனைப் பார்த்து "நீங்க எந்த வக்கீல்?" என்று கேட்க, இரண்டு பேரும் என்னை விட்டுவிட்டு அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள், ஜெசிந்தா கரண்டியோடு ஓடிவந்து "அக்கா, யாரும் சாப்பிட உக்கார மாட்டேங்குறாங்க" என்று புலம்பிவிட்டு ஓடினாள். அவர் எங்கே. தேடினேன், கோட்டுகள் குவிந்து கிடக்கிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டம், நடுவில் இளம்பரிதி, எதிரில் அவர், கையில் தட்டு சரிந்து பொங்கல் ஓரத்துக்கு வந்துவிட்டது, கவனிக்கவில்லை. "அதெப்படிங்க, எல்லாத் தேர்வையும் ஒரேடியா தப்புன்னு சொல்லுவீங்க? அந்த வணிகத் துறைக்காரர் விஷயம் தெரிஞ்சவர்தான், நான் படிச்சேன். குடியேற்றத்துக்குப் போட்ட ஆள்தான் தப்பு, அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன்!" எங்கே வேண்டுமானாலும். குரல் உயர்ந்திருந்தது. கூடத்தின் இந்த மூலை வரைக்கும் கேட்கிற அளவுக்கு உயர்ந்திருந்தது, நறுமுகை போனை விட்டுவிட்டு அப்பாவை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், இந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை. நான் தட்டைக் கோட்டுகள் மேலேயே வைத்துவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவில் போய் நின்றேன், "நீங்க சொல்றது தப்பு" என்றேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, "யாரு, நானா?" என்றார்கள்.